சிறிய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வாங்கலாமா? மற்ற வழிகளோடு வைத்து ஒரு பார்வை

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்பிங் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கூடாரம் அலுத்துவிடும். டிரெய்லர் தேட ஆரம்பித்ததும் முட்டை வடிவில், வெள்ளை வெளேரென்று, கைக்கடக்கமாக இருக்கும் ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கள் கண்ணில் படும். ஸ்காம்ப், கசீட்டா, எஸ்கேப், ஆலிவர், பிக்ஃபுட் என்று சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பார்த்ததும் பிடித்துவிடும். விலையைக் கேட்டதும் தயக்கம் வரும். அதே பணத்துக்கு இதைவிட நீளமான, தனிக் கட்டிலும் பெரிய சமையலறையும் உள்ள சாதாரண டிரெய்லர் கிடைக்கிறதே, எதற்கு இது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் வெளி ஓட்டுக்குத்தான். அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, பம்பு, டயர் எல்லாம் மற்ற டிரெய்லர்களில் இருக்கும் அதே சரக்குதான். அதனால் அந்த ஓடு தரும் நன்மைகள் உங்களுக்குப் பயன்படுமா என்பதுதான் கேள்வி. இரண்டு பேர், அடிக்கடி கிளம்புவோம், ஓரிரு நாளுக்கு ஒருமுறை இடம் மாறுவோம், பத்துப் பதினைந்து வருடம் வைத்திருப்போம் என்றால் பயன்படும். நான்கு பேர் குடும்பம், வருடத்தில் இரண்டு முறை, ஒரே இடத்தில் ஒரு வாரம் என்றால் பெரும்பாலும் பயன்படாது.

எது ஃபைபர்கிளாஸ், எது இல்லை

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கடையில் நிற்கும் பல சாதாரண டிரெய்லர்களின் விளம்பரத் தாளிலும் ஃபைபர்கிளாஸ் சுவர் என்று போட்டிருக்கும். அது வேறு. அங்கே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகட்டை ஒட்டுப்பலகைமேல் ஒட்டி, உள்ளே நுரைப்பலகை வைத்துச் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே, முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே நீள நீளமான இணைப்புகள் இருக்கும். அவற்றை சீலன்ட் பூசித்தான் அடைத்திருப்பார்கள். சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒட்டுப்பலகை ஊறும், தகடு உப்பிக்கொண்டு பிரியும். அந்த நிலைக்கு வந்த சுவரைச் சரிசெய்வது பெரிய செலவு. பல நேரம் டிரெய்லரின் விலைக்கே அது கட்டுப்படியாகாது.

நாம் பேசுவது அச்சில் வார்த்தது. படகு செய்வதுபோலவே அச்சின் உட்புறத்தில் ஜெல்கோட் என்னும் பளபளப்பான மேல்பூச்சைப் பூசி, அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கி, காய்ந்ததும் கழற்றுவார்கள். மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. இரண்டையும் சேர்த்து, இணைப்பின் மேலும் இழை ஒட்டி ஒரே ஓடாக்கிவிடுவார்கள். கூரை மூலை என்று தனியாக ஒன்று கிடையாது. மழைநீர் நுழைய நீளமான இணைப்பும் கிடையாது.

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது போலர். கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ என்பவர் 1968-இல் கொண்டுவந்த 13 அடி டிரெய்லர் அது. அவர் அதற்குமுன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. தண்ணீரை உள்ளேயே வைத்திருக்கச் செய்த பொருள் தண்ணீரை வெளியே நிறுத்தவும் உதவும்தானே. எழுபதுகளில் மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரில் ஸ்காம்ப் தொடங்கியது. எண்பதுகளில் டெக்சஸில் கசீட்டா வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் எஸ்கேப், டென்னசியின் ஹோஹன்வால்டில் இரட்டை ஓடு கொண்ட ஆலிவர் என்று வரிசை நீண்டது. அன்று செய்த போலர்களில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. அதே வயதுடைய மரச்சட்ட டிரெய்லர் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

ஒழுகவே ஒழுகாதா?

ஒழுகும். இதை மறைக்கும் விற்பனையாளரை நம்பவேண்டாம். ஓட்டில் மூட்டு இல்லாவிட்டாலும் ஓட்டை இருக்கிறது. ஜன்னல், கூரை விசிறி, ஏசி, கதவு, மின்கம்பி நுழையும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுத்தான் ஆகவேண்டும். ஸ்காம்ப், கசீட்டா இரண்டிலும் உள் அலமாரிகளைப் பிடித்துக்கொள்ள ஓட்டின் வழியே ரிவெட் ஆணி அடித்திருப்பார்கள். வெளியே சின்னச் சின்ன மூடிகளாகத் தெரிபவை அவைதான். வருடங்கள் போகப்போக ஒன்றிரண்டு தளர்ந்து நீர் கசியும்.

ஆனால் இந்தக் கசிவு வேறு மாதிரியானது. ஓட்டுக்குள் ஊறிக் கெட்டுப்போக மரம் இல்லை. ஈரம் தெரிந்ததும் அந்த ரிவெட்டையோ ஜன்னல் ரப்பரையோ மாற்றினால் விஷயம் முடிந்தது. மாட்டிக்கொள்வது தரை. பல மாடல்களில், முக்கியமாகப் பழையவற்றில், தரை மரப்பலகைதான். கவனிக்காமல் விட்ட கசிவு வழிந்து தரையில் தேங்கும். ஓடு புதிதுபோல் இருக்க, தரை உளுத்துப்போயிருக்கும் டிரெய்லர்கள் உண்டு.

ஓட்டுக்கு ஒரு பராமரிப்பும் வேண்டாம் என்பதும் உண்மை இல்லை. வெயிலில் நின்றால் ஜெல்கோட் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்பாக ஒட்டும். வருடம் ஓரிரு முறை மெழுகு பூசினால் பளபளப்பு நிற்கும். கிளை உரசினால், கல் பட்டால், விரிசல் விட்டால் படகு பழுதுபார்க்கும் எவரும் ஒட்டு போட்டுவிடுவார். சில சாதாரண டிரெய்லர்களின் சுவரான நெளி அலுமினியத் தகடு ஒருமுறை சொட்டையானால் அப்படியே இருக்கவேண்டியதுதான்.

இழுக்கும் கார்

சிறிய ஃபைபர்கிளாஸ் டிரெய்லருக்காக பிக்கப் டிரக் வாங்க வேண்டாம், இருக்கும் காரே போதும் என்பார்கள். பாதி உண்மை. 13 அடி ஸ்காம்ப் வெறுமையாக 1,200 முதல் 1,500 பவுண்டுக்குள் இருக்கும். 17 அடி கசீட்டாவில் தண்ணீர், எரிவாயு, பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றினால் 3,000 பவுண்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நிறுவனம் அச்சிடும் வெற்று எடையை நம்பிக் காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 25 கேலன் தொட்டி நிறைந்தால் அதுவே 200 பவுண்டைத் தாண்டும்.

இழுவை எடையைவிட முதலில் தீர்ந்துபோவது காரின் சுமைதாங்கும் அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரோடு இணையும் முன்முனை, காரை அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். அந்த அழுத்தம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். குறைந்தால் வண்டி வேகத்தில் வாலாட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்டிக்கரில் 1,000 பவுண்டு, இரண்டு பேர் 320, மூக்கு எடை 350. மீதி 330 பவுண்டில் நாய், சைக்கிள், குளிர்பெட்டி, டிரெய்லரைக் காரோடு மாட்டும் ஹிட்ச் எல்லாம் அடங்கவேண்டும். நான்கு பேர் ஏறினால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

ஹிட்ச் வகைகளிலும் வரம்பு உண்டு. முதல் வகை 2,000 பவுண்டு வரை, இரண்டாம் வகை 3,500 வரை. 13 அடிக்கு முதல் வகையே போதும் என்று நினைத்து, சாமான் ஏற்றியபின் எல்லையைத் தொடுபவர்கள் நிறைய. சில கார்களின் கையேட்டில் எடை தவிர டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் வரம்பு போட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள். முட்டை வடிவம் காற்றைக் கொஞ்சம் லேசாகக் கிழிக்கும். பக்கக்காற்றில் தட்டையான சுவர்போல் அடிவாங்காது. ஆனாலும் எரிபொருள் செலவு நன்றாகவே ஏறும்.

பிரேக் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கேம்ப் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அங்கே டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் மணிக்கு 55 மைல்தான் உச்சவேகம். ஒன்டாரியோவில் 1,360 கிலோவுக்கு மேல் பிரேக் வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் இல்லாத டிரெய்லரை நான் பரிந்துரைக்கமாட்டேன். மலை இறக்கத்தில் அந்தக் கூடுதல் எடையைக் காரின் பிரேக் மட்டும் தாங்கக்கூடாது.

பின்னால் எடுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. சின்ன டிரெய்லர் சுலபம் என்று தோன்றும். உண்மையில் குட்டை டிரெய்லர் ஸ்டியரிங்கைத் தொட்டதும் சட்டென்று மடங்கும். நீளமானது நிதானமாகத் திரும்பும். ஆறுதல் என்னவென்றால், சமதரையில் 13 அடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் கையாலேயே தள்ளி நிறுத்திவிடலாம்.

உள்ளே வாழ்வது

முதலில் அளவு. 13 அடி ஸ்காம்ப் என்றால் உள்ளே 13 அடி இல்லை. மூக்கிலிருந்து பின் முனை வரைதான் அந்த 13. அறையின் நீளம் சுமார் 10 அடி. சாதாரண டிரெய்லர்களின் மாடல் எண் பல நேரம் பெட்டியின் நீளத்தை மட்டும் குறிக்கும். எனவே 17 என்ற எண்ணை இரண்டு பக்கமும் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஆனால் 6 அடிக்கு மேல் உயரமானவர்கள் மாடலைப் பார்த்து வாங்கவேண்டும். 13 அடியில் சாப்பாட்டு மேசைதான் இரவில் கட்டில். தினமும் மேசையை இறக்கு, மெத்தையை அடுக்கு, காலையில் திரும்பக் கட்டு. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து காப்பி குடிக்க ஆசைப்படுபவர், மற்றவர் எட்டு மணிவரை தூங்குபவர் என்றால் இது தினசரித் தகராறு. அதனால்தான் 16, 17 அடி மாடல்களில் கட்டிலை நிரந்தரமாக விரித்துவைத்துவிட்டு, பக்கத்தில் சின்ன மேசையைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் நீண்ட பயணம் போவதாக இருந்தால் அந்த மூன்று நான்கு அடிக்குக் கூடுதலாகக் கொடுப்பது மதிப்புள்ள செலவு என்பேன்.

கழிப்பறை அடுத்த கேள்வி. இருக்கும் மாடல்களில் கழிப்பறையும் குளியலும் ஒரே சின்ன அறை. குளித்தால் எல்லாம் நனையும். 13 அடியில் அதை வைத்தால் முன்பக்க சோபா போய்விடும். கேம்ப்சைட்டில் கழிப்பறை இருக்கும் இடங்களுக்கே போவீர்கள் என்றால் சோபாவை விடாதீர்கள். மழைநாளில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார இடம் இருப்பது பெரிய வரம்.

அப்புறம் ஈரம். குளிர் இரவில் இரண்டு பேர் மூச்சு, ஈரத் துணி, சமைத்த ஆவி எல்லாம் சேர்ந்து ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் வழியும். மெத்தைக்கு அடியில், அலமாரி மூலையில் பூஞ்சை பிடிக்கும். எல்லாச் சிறிய டிரெய்லருக்கும் உள்ள தொல்லைதான், ஆனால் காற்றின் கொள்ளளவு குறைவு என்பதால் இங்கே சீக்கிரம் தெரியும். கூரை விசிறியைக் கொஞ்சம் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் ஒரு விரற்கடை திறந்து வைத்துத் தூங்கவேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் தரும் வலை விரிப்பு போடலாம். குளிர்காலத்திலும் போகிறவர்கள் இரட்டைக் கண்ணாடியும் கனமான குளிர்காப்பும் கிடைக்கும் தயாரிப்புகளைப் பார்க்கவேண்டும். எஸ்கேப், ஆலிவர், பிக்ஃபுட் போன்றவை அந்த வரிசை. விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

மற்ற வழிகள்

மடித்துத் திறக்கும் பாப்-அப் டிரெய்லர் மலிவு, லேசு, உள்ளே இடமும் அதிகம். மடித்தால் 7 அடி உயரக் கேரேஜ் கதவில் பல மாடல்கள் நுழையும். 13 அடி ஸ்காம்ப் நுழையாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் பாப்-அப்பைத்தான் சொல்வேன். ஆனால் மழையில் நனைந்த துணியை மடித்து வந்தால் வீட்டில் திரும்ப விரித்துக் காயவைக்கவேண்டும். கரடி நடமாடும் இடங்களில் இன்னொரு தடை உண்டு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. (வீட்டுவண்டி) பார்க்கில் துணிச் சுவர் கொண்ட எதற்கும் அனுமதி இல்லை. கெட்டிச் சுவர் மட்டுமே.

டியர்டிராப் என்னும் துளி வடிவக் குட்டி டிரெய்லர் படுக்கமட்டும்தான். சமையல் பின்கதவைத் தூக்கி வெளியே நின்று. வானிலை நன்றாக இருந்தால் அருமை. மூன்று நாள் விடாத மழை என்றால் படுத்தே கிடக்கவேண்டும்.

கேம்பர் வேன் உண்மையான போட்டி. எங்கும் நிறுத்தலாம், பின்னால் எடுப்பது தொல்லை இல்லை, ஓட்டும்போதே எல்லாம் கூடவே. கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலையின் அவலாஞ்ச், ரைசிங் சன் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. காரும் டிரெய்லரும் சேர்ந்தால் மிகச் சிறிய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கூட அந்த நீளத்தைத் தாண்டிவிடும். குட்டை வேன் போய்விடும். ஆனால் டிரெய்லர்காரர் அதைக் கேம்ப்சைட்டில் கழற்றிவிட்டுக் காரில் போவார். வேன்காரர் கடைக்குப் போகவும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். இன்ஜின் கெட்டால் வேனோடு படுக்கையும் மெக்கானிக்கிடம் போய்விடும். விலையோ பல மடங்கு. தினமும் இடம் மாறுபவர்களுக்கு வேன், ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிச் சுற்றுபவர்களுக்கு டிரெய்லர் என்பது என் கணிப்பு.

மரச்சட்ட டிரெய்லரை நான் மட்டமாகப் பேசப்போவதில்லை. அடுக்குக் கட்டில், தனி அறை, குளித்தால் கழிப்பறை நனையாத குளியலறை எல்லாம் அந்த விலையில் வேறெங்கும் கிடைக்காது. வருடா வருடம் கூரை ஏறி சீலன்ட் பார்க்கும் பழக்கம் உள்ளவர், மழைபடாத கொட்டகையில் நிறுத்த முடிந்தவர், ஐந்தாறு வருடத்தில் மாற்றப்போகிறவர் தாராளமாக அதை எடுக்கலாம். ஆனால் நீளம் ஒரு தடை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பழைய கேம்ப்சைட்டுகள் பல, பெரிய டிரெய்லர்கள் வருவதற்குமுன் வெட்டியவை. 17 அடி நுழையும் பல இடங்களில் 27 அடி நுழையாது. முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் நீள வரம்பு போட்டிருக்கும். நீங்கள் போக நினைக்கும் பூங்காக்களை வரிசையாகத் திறந்து பார்த்தாலே இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.

பணம்

வார்ப்பு ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் மறுவிற்பனையில் மதிப்பை நன்றாகப் பிடித்துவைக்கும். விற்கும்போது மகிழ்ச்சி. பழையது தேடி வாங்கும்போது அதே குணம் எதிராக நிற்கும். நல்ல நிலையில் உள்ளது மலிவாகக் கிடைக்காது, கிடைத்தாலும் சில மணி நேரத்தில் போய்விடும். புதிது என்றால் ஸ்காம்ப் போன்றவை தொழிற்சாலையிலிருந்து நேரடியாக விற்பவை. பதிவுசெய்து மாதக்கணக்கில் காத்திருந்து, தொலைவு போய் எடுத்துவரவேண்டியிருக்கலாம். உத்தரவாத வேலைக்கும் பக்கத்து ஊரில் டீலர் இருக்கமாட்டார். இது உங்களுக்குப் பொறுக்குமா என்று முன்பே யோசியுங்கள். உள்சாதனங்கள் பொதுவானவை என்பதால் அவற்றை எந்த ஆர்.வி. கடையிலும் பார்த்துவிடலாம்.

வருடத்தில் இரண்டு முறைதான் போவீர்கள் என்றால் எந்த டிரெய்லரும் வேண்டாம். நிறுத்தும் வாடகை, காப்பீடு, குளிருக்குமுன் குழாய்களைக் காலிசெய்யும் வேலை, போகாவிட்டாலும் முதுமையாகும் டயர் என்று எல்லாம் சேர்ந்தால் வாடகை டிரெய்லரே லாபம். வாங்கும் எண்ணம் இருப்பவர்களும் ஒருமுறை வாடகைக்கு எடுங்கள். வெயில் வாரத்தை விட்டு, மழை சொல்லியிருக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பழையது வாங்கினால்

ஓட்டைப் பார்த்து மயங்காமல் கீழே குனிந்து பாருங்கள். சட்டகம் முன்பக்கம் வளையும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஸ்காம்ப்களில் இது தெரிந்த பலவீனம். நல்ல வெல்டர் சரிசெய்வார், ஆனால் அதை வாங்குமுன் தெரிந்து விலையில் கழிக்கவேண்டும். ஆக்சில் பெரும்பாலும் ரப்பர் வைத்த முறுக்கு வகை. இருபது முப்பது வருடத்தில் ரப்பர் இறுகி, டிரெய்லர் தாழ்ந்து, ஒவ்வொரு குழியிலும் உதறும். ரிவெட்டும் அலமாரியும் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆக்சிலைப் பழுதுபார்க்க முடியாது, முழுதாக மாற்றவேண்டும்.

உள்ளே தரை முழுவதும், குறிப்பாகக் கதவோரமும் மூலைகளும், குதிகாலால் அழுத்தி நடங்கள். பஞ்சாக அமுங்கினால் பலகை போய்விட்டது. கதவு ஓட்டின் வளைவுக்கு ஏற்ப வளைந்தது. மேல்மூலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கீலோ ஓடோ தொய்ந்திருக்கிறது. மேலே ஏசி வைத்திருந்தால் அதன் எடையில் கூரை குழிந்து நீர் தேங்குகிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் தோட்டக்குழாயில் ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் அடித்து, ஒருவர் உள்ளே நின்று பார்ப்பது நல்லது.

கடைசியாக டயர். பட்டை தேயாமல் புதிதுபோல் இருக்கும், ஏனென்றால் நின்றுகொண்டேதான் இருந்திருக்கும். பக்கவாட்டில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு இழுத்து வாருங்கள்.